பதினைந்து வருட அனுபவமும் ஒரு சாய்கோடும்

“தம்பி, கூட்டுத்தொகை மறுபடியும் பிழையா ஈக்கிது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாரின் அழைப்பு இது. கடைகளின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சினம் வந்துவிடும். ஏனெனில் ஹாஜியார் கணனிக்குப் புதியவரல்லர். பதினைந்து வருடங்களாகக் கடன் கணக்கை எக்செலில்தான் வைத்திருந்தார். புதிதாகப் பழகும் பிள்ளைகள் ஒரு தடவை கேட்டதை மறுதடவை கேட்பதில்லை. பழைய பாவனையாளர்கள்தான் வருடக்கணக்கில் அதே அரிச்சுவடிக் கேள்வியோடு வருகிறார்கள்.

2018ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் வந்த அழைப்பு வேறு மாதிரியானது. “பையன் கைவெச்சிட்டான் போல தம்பி” என்றார். பில் புத்தகங்களின்படி வரவேண்டிய கடனுக்கும் கணனியில் அடியில் நின்ற தொகைக்கும் 285,000 ரூபா வித்தியாசம். கணக்குப் பதியும் பையன் காசை வாங்கிக்கொண்டு வரிகளை அழித்துவிட்டான் என்பது அவருடைய முடிவு. நான் போகும்போது பையன் துணிக்கட்டுகளுக்கு நடுவே தலைகுனிந்து நின்றான். வீட்டுக்கு அனுப்புவதுதான் பாக்கி.

பட்டியலை மேலிருந்து பார்த்தேன். எல்லாத் தொகைகளும் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்க, மூன்று மட்டும் இடது ஓரத்தில் நின்றன: 120,000/=, 90,000/=, 75,000/=. கூட்டிப் பாருங்கள், சரியாக 285,000.

பில்லில் நாம் எல்லோரும் போடுகிற குறிதான் அது. கடதாசியில் நல்லது, பின்னால் எவரும் ஓர் இலக்கத்தைச் சேர்க்க முடியாது. எக்செலுக்கோ அந்தக் குறி விழுந்தவுடன் அது எண் அல்ல, எழுத்து. ‘சம்’ சூத்திரம் எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு கட்டமாகக் கூட்டல் குறியிட்டுக் கூட்டியிருந்தாலாவது பிழை என்று காட்டியிருக்கும்.

அந்த மூன்று வரிகளையும் பதிந்தது யார்? ஹாஜியாரேதான், பையன் லீவில் ஊருக்குப் போயிருந்த நாளில். என் முன்னிலையிலேயே பையனிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனது.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. இதே குறியை அதற்கு முன்னரும் நாலைந்து தடவை நானே அழித்துக் கொடுத்திருக்கிறேன். மௌஸைக் கையில் எடுப்பேன், சரிசெய்வேன், பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஏன் வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சினப்படுவதற்கு மட்டும் குறைவில்லை! அன்று மௌஸை அவரிடமே கொடுத்து மூன்றையும் அவரையே திருத்த வைத்தேன். அரை மணித்தியாலம் போனது.

உங்கள் பட்டியலிலும் இன்றே பார்த்துவிடுங்கள். தொகை நிரலுக்கு ‘கவுன்ட்’ போட்டால் எண்களை மட்டும் எண்ணும். ‘கவுன்ட்ஏ’ நிரம்பிய எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தலைப்பை விட்டுவிட்டு இரண்டையும் போடுங்கள். விடைகள் வேறுபட்டால் எங்கோ ஒரு தொகை எழுத்தாகக் கிடக்கிறது.

அண்மையில் ஹாஜியார் மறுபடியும் எடுத்தார். வாடிக்கையாளரின் போன் இலக்கத்தை 077 என்று அடித்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமல் போகிறதாம். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “இதை எண்ணா எடுக்குது, எழுத்தா மாத்தணும். அப்படித்தானே? எப்பிடி மாத்துற?”

முதலில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியை அடித்துவிட்டு இலக்கத்தை அடிக்கச் சொன்னேன். வரச்சொல்லிக் கேட்காமலே போனை வைத்துவிட்டார்.