பின்னங்கால் தள்ளாடும் குதிரை: நோய் எதுவென்று அறிவதே சிக்கல்

புது தில்லி: மாதுங்காவிலும் செம்பூரிலும் திருமண ஊர்வலங்களில் மணமகனைச் சுமந்து வரும் குதிரையைத் தமிழர்களும் பார்த்திருப்பர். அக்குதிரை ஒரு நாள் காலையில் பின்னங்கால்கள் பின்ன, இடுப்பு ஒருபுறம் சாய நின்றால், அதன் உரிமையாளர் முதலில் சுளுக்கு என்றே எண்ணுவார். கால்நடை மருத்துவர் அத்துடன் வேறு சிலவற்றையும் எண்ண வேண்டியுள்ளது: வெறிநோய், மூளைக்காய்ச்சல், சர்ரா, கும்ரி. இவற்றில் கடைசி இரண்டும் ஒட்டுண்ணிகளால் வருபவை.

கும்ரியின் கதை விசித்திரமானது. செட்டேரியா டிஜிடேட்டா என்ற நூல் போன்ற புழு மாட்டின் வயிற்றறையில் பெரிய தொல்லை தராமல் வாழ்கிறது. மாட்டின் ரத்தத்திலுள்ள அதன் இளம் புழுக்களைக் கொசு எடுத்துச் சென்று குதிரைக்குள் விடும்போதுதான் விபரீதம். பழக்கமில்லாத உடலில் வழி தவறும் புழு தண்டுவடத்தைத் துளைத்துச் செல்கிறது. சில வேளைகளில் கண்ணுக்குள் புகுந்து நெளிகிறது. கண்ணில் உள்ளதை வெளியிலிருந்தே காணலாம். அறுவை செய்து எடுக்கலாம். தண்டுவடத்தில் உள்ளதை உயிருள்ள குதிரையில் காண்பது அரிது. வழி தவறிய புழு பெரும்பாலும் முதிர்ச்சி அடைவதில்லை என்பதால் ரத்தத்தைச் சோதித்தாலும் தடயம் கிடைப்பதில்லை. எனவே நடையைப் பார்த்தும், பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கியும் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். உறுதி கிடைப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான். மாட்டுத் தொழுவங்களும் கொசுவும் குதிரை லாயங்களுக்கு அருகில் இருந்தால் இந்நோய்க்கு வேறென்ன வேண்டும்?

சர்ராவுக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880-ல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில் கண்டறிந்தவர், ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ். நோய்க்கு அதுவே காரணம் என்று அவர் கூறியதைச் சகாக்கள் பலர் அன்று ஏற்கவில்லை. ரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் இதைப் பரப்புகின்றன. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம், முற்றினால் தள்ளாட்டம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் ஒட்டுண்ணி துள்ளுவதை நுண்ணோக்கியில் காணலாம்; மறு வாரம் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'ரத்தம் சுத்தம்' என்ற ஒற்றை அறிக்கையை நம்பியிருந்து குதிரையை இழக்க நேரிடுவது இதனால்தான். எதிர்ப்புப் பொருள் சோதனையும் பி.சி.ஆர். சோதனையும் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. ஆனால் ஒட்டுண்ணி மூளைக்குள் புகுந்துவிட்டால், வழக்கமான குயினாபிரமின் மருந்து அங்கு போதிய அளவு சென்று சேர்வதில்லை. ரத்தத்தில் நோய் நீங்கியது போலிருந்து மீண்டும் தலைதூக்கும்.

இது குதிரையோடு முடியும் விவகாரம் என்றும் கூறுவதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் 2004-ல் கால்நடை வளர்க்கும் விவசாயி ஒருவரின் ரத்தத்தில் இதே ஒட்டுண்ணி காணப்பட்டது. ஒட்டுண்ணியை அழிக்கும் புரதம் ஒன்று அவர் உடலில் இல்லாததே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. சுராமின் மருந்தால் அவர் குணமடைந்தார்.

மும்பையில் பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886 முதல் உள்ளது. குதிரை நோய்களுக்கான தேசிய ஆராய்ச்சி மையமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஹரியாணாவின் ஹிசாரில் இருக்கிறது. பந்தயக் குதிரைக்கு மருத்துவர் எப்போதும் அருகில் உண்டு. சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் வேலை நின்றால் வருமானமும் நின்றது. பொழுதுபோக்கு விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என மும்பை உயர் நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்த பின் இத்தொழிலில் எஞ்சியோர் கை மேலும் சுருங்கியது. சோதனைச் செலவுக்கு அவர் எங்கே போவார்?

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தை 2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1899-ம் ஆண்டின் கிளாண்டர்ஸ் சட்டமும் 1910-ம் ஆண்டின் டூரின் சட்டமும் அதனால் நீங்கின. பட்டியலிட்ட நோய் இருப்பதாகத் தெரிந்தால் தகவல் தர வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது அச்சட்டம். கும்ரி அப்பட்டியலில் இல்லை. தெரிவிக்கும் கடமை இல்லாத நோய்க்குக் கணக்கும் இல்லை. நாட்டில் ஆண்டுக்கு எத்தனை குதிரைகள் அதனால் விழுகின்றன என்று உறுப்பினர் எவரேனும் அவையில் கேட்டால், அமைச்சர் எந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்வார்?