ஆங்கில எச்சமும் அதன் பின் நிற்கும் சிறு சொற்களும்

சென்ற விடுமுறையில் யான் எம் ஊராகிய திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தபொழுது, அயல் வீட்டு இளைஞன் ஒருவன் விண்ணப்பமொன்றைக் கொணர்ந்து, பிழை திருத்தித் தருமாறு வேண்டினான். அயல்நாட்டு யாத்திரிகர் தங்கும் விடுதியில் எழுத்தர் வேலைக்காக எழுதியது அது. தகப்பனார் இல்லாத குடும்பம். இவ்வேலை கிடைத்தால் தங்கையின் படிப்பு தடைப்படாது என்பதை அவன் தாயார் முன்னரே எனக்குச் சொல்லியிருந்தார்.

கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருந்தது. ஆயினும் ஐந்தாம் வரியில், ‘ஐ ஆம் பொஸஸ்ட் பை குட் இங்கிலிஷ்’ என்று கண்டு திடுக்கிட்டேன். நல்ல ஆங்கிலம் உடையேன் என்பது அவன் கருத்து. ஆங்கிலம் அறிந்தார் காதில் விழுவதோ, நல்ல ஆங்கிலமென்னும் பேய் என்னைப் பிடித்திருக்கின்றது என்பதாம். ‘பொஸஸ்ட் ஆஃப்’ எனின் உடைமை. ‘பொஸஸ்ட் பை’ எனின் ஆவேசம். இதனைக் கூறவே, அவன் வாடிய முகத்தோடு, “ஐயா, பாஸ்ட் பார்ட்டிஸிப்பிளின் பின் ‘பை’ வரும் என்றுதானே மனப்பாடம் செய்தோம்?” என்றான். அவன் பக்கமும் நியாயம் உண்டு. அவ்விதி பொய்யன்று, ஆனால் ஆறில் ஒரு பங்கே மெய். அதனை அவனுக்கு விளக்கியவாறே ஈண்டு எழுதுகின்றேன்.

நம் மொழியின் பெயரெச்சத்தை முதற்கண் நோக்குக. கார்த்திகைத் திருநாளன்று மலையுச்சியில் தீபம் ஏற்றுவோர் பருவதராஜ குலத்தார். தீபம் ஏற்றிய குலத்தார் என்கிறோம். தீபம் ஏற்றிய நெய், தீபம் ஏற்றிய மலை, தீபம் ஏற்றிய பொழுது என்கிறோம். ஏற்றிய தீபம் என்றும் சொல்கிறோம். ‘ஏற்றிய’ என்னும் ஒரே சொல் செய்பவனையும், கருவியையும், நிலத்தையும், காலத்தையும், செயப்படுபொருளையும் தழுவி நிற்கின்றது. செயலையுங் கூட்டி இவற்றை ஆறென்று வகுப்பார் நன்னூலார். எவ்வகை உறவென்பதை உருபு எதுவும் நமக்கு அறிவிப்பதில்லை. பின்வரும் பெயரின் இயல்பே அறிவித்துவிடுகின்றது.

ஆங்கிலத்தில் இவ்வுரிமை இல்லை. ‘லிட்’ என்னும் எச்சம் தீபத்துக்கு மட்டுமே அடையாகும். ‘தி லிட் லாம்ப்’ என்னலாம்; தீபம் ஏற்றிய குலத்தாரை ‘லிட் பீப்பிள்’ என்றால், அம்மனிதர்களையே கொளுத்திவிட்டதாக முடியும்! செயப்படுபொருள் குன்றா வினையினின்று பிறந்த எச்சம் செயப்படுபொருளையே சேரும் என்பது பொது நியதி. (‘ஃபாலன் லீஃப்’, உதிர்ந்த இலை, என்றாற்போலச் செயப்படுபொருள் குன்றிய சில வினைகளில் எச்சம் செய்பவனைச் சேர்தலும் உண்டு, அவை சிலவே.) எஞ்சிய உறவினர் யாவரும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வரும் ஏவலாளரே பிரபொஸிஷன் எனப்படும் சிறு சொற்கள். குலத்தாரை ‘லிட் பை’ அழைத்து வரும். நெய்யை ‘லிட் வித்’. மலையை ‘லிட் ஆன்’. மாலை ஆறு மணியை ‘லிட் அட்’. ஏவலாளனை மாற்றினால் வேறு விருந்தாளி வந்துவிடுவான்.

நம்மவர் பெரிதும் இடறுவது ‘பை’, ‘வித்’ என்னும் இரண்டிலேயாம். காரணம் நம் மூன்றாம் வேற்றுமை. சிற்பியால் செதுக்கப்பட்டது, உளியால் செதுக்கப்பட்டது என்று இரண்டிடத்தும் ‘ஆல்’ என்றே சொல்லிப் பழகிய நாவுக்கு, ‘கார்வ்ட் பை’ என்பதே இரண்டிடத்தும் இனிக்கின்றது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள் கூறுவர் நம் இலக்கண நூலார். ஆங்கிலம் இம்முக்கூட்டை வேறுவகையாகப் பிளந்தது. கருத்தாவைத் தனியே பிரித்து ‘பை’ என்பதற்கு அளித்தது. கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒன்றாகக் கட்டி ‘வித்’ என்பதனிடம் ஒப்புவித்தது. உளியோடு வந்தான் என்பதற்கும் உளியால் செதுக்கினான் என்பதற்கும் அங்கே ‘வித்’ ஒன்றே. இப்பிளவை ஒருமுறை கண்டுகொண்டவன் பாதிப் பிழைகளினின்று நீங்குவான்.

நம் ஊர் இராஜகோபுரம் பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடையது. கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பெற்றுத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரால் முடிக்கப்பெற்றது. இவர்கள் கருத்தாக்கள், ஆதலின் ‘பை’. அதன் அடித்தளம் கல்லாலாயது. இங்கும் தமிழில் ‘ஆல்’ வருகின்றது, ஆனால் கல் கருத்தாவுமன்று, கருவியுமன்று, முதற்காரணம். ஆகவே ‘மேட் ஆஃப்’. வெண்ணெய் உருகி நெய்யானாற்போல மூலப்பொருள் தன் உருவை இழந்துவிட்டால் ‘மேட் ஃப்ரம்’ என்பது பெருவழக்கு.

தமிழே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவர் என்பதில் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்திலும் ‘நோன் டு மீ’. இசையில் ஈடுபாடுடையவன் என்பதில் ஏழாம் வேற்றுமை. அங்கும் ‘இன்டரஸ்டட் இன்’. மாறாக, ஒருவனோடு மணம் முடிந்தது என்னும் நம் வழக்கை நம்பி ‘மேரிட் வித்’ என்று எழுதுவோர் பலர். அது ‘மேரிட் டு’ ஆதல் வேண்டும்.

இனி, வினை வந்து சேரும் இடம். அவன் விண்ணப்பத்தில், ‘ஐ வாஸ் மேட் லேர்ன் அக்கவுண்ட்ஸ்’ என்றிருந்தது. மாமன் என்னைக் கணக்குக் கற்கச் செய்தார் என்னும் செய்வினையில், ‘மேட் மீ லேர்ன்’ எனச் செயவென்னெச்சம் வெறுமனே வரும், ‘டு’ வராது. அதனையே செயப்பாட்டுவினையாகத் திருப்பினால் மறைந்திருந்த ‘டு’ மீண்டு வந்துவிடும்: ‘வாஸ் மேட் டு லேர்ன்’. ‘ஸீ’, ‘ஹியர்’ என்பனவும் இவ்வாறே: ‘வாஸ் ஸீன் டு என்டர்’, ‘வாஸ் ஹேர்ட் டு ஸே’. தமிழில் ‘கற்க’ என்பது இரண்டிடத்தும் மாறாது நிற்றலின், இம்மாற்றம் நமக்குத் தோன்றாமற் போகின்றது.

இந்த ‘டு’ யார்? ஆதியில் இதுவும் பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல்லே. பழைய ஆங்கிலத்தில் வினைப்பெயரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தி அதன் முன் ‘டு’ வைத்தார்கள். கற்றற்கு வந்தான் என்று நாம் ‘கு’ உருபைத் தொழிற்பெயரின் பின் வைப்பதும் ஏறக்குறைய அதுவே. காலப்போக்கில் ஒரு ‘டு’ வினையோடு ஒட்டி உறைந்தது. மற்றொரு ‘டு’ பெயருக்கு முன்னே பழைய தொழிலையே செய்கின்றது. முகம் ஒன்றாயினும் இன்று இவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இவ்விருவரும் ‘யூஸ்ட்’ என்னும் சொல்லின் பின் வந்து விளைக்கும் குழப்பத்துக்கு அளவில்லை. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடப்பது முன்பு என் வழக்கம் என்றால், ‘ஐ யூஸ்ட் டு வாக்’. வெறுங்காலோடு நடந்து பழகியவன் யான் என்றால், ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’. கல்லைப் பிளக்கப் பயன்பட்ட உளி என்றால், ‘யூஸ்ட் டு ஸ்ப்ளிட்’. இம்மூன்றாவதில் மட்டும் நடுவெழுத்து வண்டின் ஓசைபோல் அதிரும். இளைஞன் எழுதியிருந்தது, ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்பீக் வித் ஃபாரினர்ஸ்’ என்பது. ஐயம் தீர ஓர் உபாயம் சொன்னேன். ‘டு’ என்பதன் பின் வினையை எடுத்துவிட்டு, வெயில், கூட்டம் என ஏதேனும் ஒரு பெயரை வைத்துப் பார்; வாக்கியம் நின்றால் அந்த ‘டு’ பெயருக்குரியது; அதன் பின் வரும் வினை ‘இங்’ என்னும் ஈறு பெற்றுப் பெயராகியே வரவேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஹீட்’ நிற்கும்; ஆகவே ‘ஸ்பீக்கிங்’. ‘ஐ வாஸ் மேட் டு ஹீட்’ நில்லாது, ஆகவே ‘லேர்ன்’.

நம் எச்சத்தைக் கற்க வந்த ஐரோப்பியர்க்கு இதே மலை மறுபுறமாக ஏறவேண்டியிருந்தது. 1716இல் ஹாலே நகரில் சீகன்பால்கு ஐயரின் தமிழிலக்கணம் இலத்தீனில் அச்சேறியது. 1856இல் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் பெயரெச்சமே ஆங்கிலத்தின் ‘ஹூ’, ‘விச்’ முதலியவற்றின் வேலையைச் செய்வதை விரித்துரைத்தார். சிறு சொற்களில் ஊன்றி நடந்த கால்களுக்கு, ஊன்றுகோலே இல்லாத ‘ஏற்றிய’ எவ்வளவு வழுக்கியிருக்கும்!

இளைஞன் விண்ணப்பத்தை எடுத்துச் சென்று மறுநாட் காலை புதிதாக எழுதிக் கொணர்ந்தான். ‘பொஸஸ்ட்’ என்னும் சொல்லையே நீக்கி, ‘ஐ ஹேவ்’ என்று எளிமையாக எழுதியிருந்தான். அது எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இரண்டும் செவ்வனே திருந்தியிருந்தன. கடைசி வரியில், ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றிருந்தது. யான் ஒன்றுஞ் சொல்லாமல் அவ்வரியின்மேல் விரலை வைத்தேன். அவன் சற்று நேரம் உற்று நோக்கி, ‘டு லெட்டர், டு ரிப்ளை’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு என் பேனாவை வாங்கி, ‘ஹியர்’ என்பதன் பின் ‘இங்’ சேர்த்து, உறையை ஒட்டினான்.