சிறு தளங்களும் பெரும் ஜனத்திரளும்

2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் 27-ந் தேதி, ட்விட்டர் என்னும் சமூக வலைத்தளம் முழுவதையும் ஈலான் மஸ்க் என்ற தனவந்தர் 4,400 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கினார். மந்திரிகளும் பத்திராதிபர்களும் பண்டிதரும் பாமரரும் தினந்தோறும் கூடிப் பேசிவந்த ஒரு பொதுச் சாவடி, ஒரு மனிதரின் கிரயப் பத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. அதிருப்தி கொண்டவர்கள் வேறிடம் தேடிப் புறப்பட்டார்கள். அவர்களில் கணிசமான தொகையினர் சென்று சேர்ந்த இடம் மாஸ்டடான். அதுகாறும் மாதத்துக்குச் சில லட்சம் பேரே வந்துபோன அத்தளத்தில், அவ்வருஷம் முடிவதற்குள் சுமார் 25 லட்சம் பேர் நடமாடினர். ஆனால் 2023 ஜனவரி முதல் வாரத்திலேயே அத்தொகை சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. பின்னர் பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. புறப்பட்ட வீட்டின் மீது குறை கூறிக்கொண்டே பலர் அவ்வீட்டிற்கே திரும்பினார்கள். 2023 ஜூலையில் அவ்வீட்டிற்கு எக்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டதும் அவர்களைத் தடுக்கவில்லை.

இவ்விஷயத்தை வெறும் யந்திர விவகாரமென்று நமது நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஜனங்களின் அபிப்பிராயம் இன்று உருவாகும் இடங்கள் சில கம்பெனிகளின் சொத்தாக இருக்கின்றன. அந்நிலைமைக்கு மாற்று ஏற்பாடு ஒன்று கண்ணெதிரே இருந்தும் ஜனங்கள் அதனை ஏற்காததன் காரணம் யாது என்பதே நாம் ஆராய விரும்புவது.

மாற்று ஏற்பாட்டின் தன்மையை அறியாதார்க்கு அதனைத் தபால் முறையைக் கொண்டு விளக்கலாம். சென்னையில் போட்ட கடிதத்தை லண்டன் தபாலாபீஸ் பட்டுவாடா செய்கிறது. இரண்டு ஆபீஸ்களுக்கும் எஜமானர் வேறு. ஆயினும் பொதுவான விதிகளுக்கு இருவரும் கட்டுப்பட்டவர்கள். மின்னஞ்சலும் அவ்விதமே நடைபெறுகிறது. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் 2016-ல் தொடங்கிய மாஸ்டடானும் இம்முறையைத் தழுவியதே. அதில் ஒரே தலைமை ஸ்தலம் கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனி நிர்வாகத்தில் இயங்குகின்றன. ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். இதற்கான பொது விதி 'ஆக்டிவிட்டிபப்' என்பது. உலக வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு.3.சி. என்னும் சங்கம் 2018 ஜனவரியில் அதனை அங்கீகரித்தது. எந்தக் கோடீசுவரரும் இவ்வமைப்பு முழுவதையும் ஒரு கையெழுத்தில் வாங்கிவிட முடியாது. விளம்பரக்காரருக்காக நம் பழக்க வழக்கங்களை வேவு பார்க்கும் தொழிலும் அங்கில்லை. இவ்வளவு குணங்கள் இருந்தும் கூட்டம் சேரவில்லையே, ஏன்?

இத்தளங்களின் பக்தர்கள் சொல்லும் விடை ஒன்றுண்டு. ஜனங்களுக்குச் சுதந்திரத்தின் அருமை தெரியவில்லை. சௌகரியத்துக்கு அடிமைப்பட்டு விட்டார்கள் என்பதே அது. நாம் இதனை ஒப்பவில்லை. ஜனங்களைப் பழிப்பது, தோற்ற இயக்கங்கள் எல்லாம் கண்டுபிடித்த சுலபமான சமாதானம். ஒருவர் சமூக வலைத்தளத்துக்கு வருவது அதன் அரசியல் சட்டத்தைப் பரிசீலிப்பதற்கன்று. அங்கே தம் சிநேகிதர் இருக்கிறாரா, தாம் படிக்க விரும்பும் எழுத்தாளர் இருக்கிறாரா, ஊர்ச் செய்தி கிடைக்குமா என்று பார்க்கிறார். இல்லையென்றால் போய்விடுகிறார். பத்திரிகைத் தொழிலிலுள்ள நாம் இதனை நன்கு அறிவோம். எந்தச் சந்தாதாரரும் நமது அச்சுக்கூடத்தின் நிர்வாக முறையை மெச்சிப் பத்திரிகை வாங்குவதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கோர் உதாரணம் நடந்திருக்கிறது. 2019 அக்டோபர் மாதக் கடைசியில், சுப்ரீம் கோர்ட்டின் மூத்த வக்கீல் ஸஞ்ஜய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சியில் எல்லோரும் கை நீட்டி வணக்கம் செலுத்தும் கூட்டத்தினிடையே, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தொழிலாளியின் புகழ்பெற்ற படத்தை அவர் வெளியிட்டிருந்தார். கொடுங்கோன்மைக்குத் தலைவணங்காத மனிதனின் படம் துவேஷப் பிரசாரமாகக் கருதப்பட்ட விநோதத்தை என்னென்பது! ஹெக்டே டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். அவருக்காகப் பரிந்து எழுந்தவர்களில் பல்லாயிரவர் நவம்பர் மாதத்தில் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். சில வாரங்கள் அங்கே ஒரே உற்சாகம். பிறகு ஆரவாரம் அடங்கியது. பெரும்பாலோர் பழைய இடத்திற்கே வந்துவிட்டனர். அவர்கள் கோழைகளுமல்லர், அறியாதவர்களுமல்லர். வக்கீல்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களுமே அதிகம். ஆனால் அவர்கள் யாரை எதிர்த்து வாதிக்க வேண்டுமோ, அந்த மந்திரிகளும் கட்சித் தலைவர்களும் பழைய இடத்தில்தான் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஆஜராகாத கோர்ட்டில் வாதம் செய்து யாருக்கு என்ன பயன்?

இது முதற் காரணம், பெருங்காரணமும் இதுவே. ஒரு தளத்தின் மதிப்பு அதில் ஏற்கெனவே இருப்பவர்களால் உண்டாகிறது. தனியொருவர் வெளியேறினால் நஷ்டம் முழுவதும் அவரைச் சார்ந்தது. லாபமோ எல்லோரும் சேர்ந்து வெளியேறினால் மட்டுமே கிடைக்கக்கூடியது. 2010-ல் நியூயார்க் சர்வகலாசாலை மாணவர் நால்வர் ஃபேஸ்புக்குக்கு மாற்றாக 'டயஸ்போரா' என்ற தளத்தைக் கட்ட 10,000 டாலர் நன்கொடை கேட்டனர்; சுமார் இரண்டு லட்சம் டாலர் குவிந்தது. ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஜுக்கர்பர்க் தாமும் அந்நிதிக்குப் பணம் கொடுத்தார். எதிரியின் பலம் எதில் இருக்கிறதென்று அவர் அறிந்திருந்தார் போலும். 2012-ல் மாணவர்கள் அதனைப் பொதுத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்கள்.

ஆனால் குற்றம் முழுவதையும் ஜனத்தொகைக் கணக்கின்மேல் ஏற்றிவிட்டுச் சிறு தளத்தார் தப்பித்துக்கொள்ளவும் நாம் விடமாட்டோம். அவர்களுடைய வாசற்படியே கரடுமுரடானது. மாஸ்டடானில் சேர வந்தவரை நோக்கிக் கேட்கப்பட்ட முதற் கேள்வி, 'எந்தச் சர்வரில் சேருகிறீர்?' என்பது. சர்வர் இன்னதென்றே அறியாதவரிடம் இதனைக் கேட்பது, ரயில் டிக்கெட் வாங்க வந்தவரிடம் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போலாகும். இத்தொல்லையை உணர்ந்து 2023-ல் அவர்கள் ஒரு பரிகாரம் செய்தார்கள். ஒன்றும் தெரியாதவர்களை மாஸ்டடான்.சோஷியல் என்ற தங்கள் சொந்தச் சர்வரிலேயே சேர்த்துக்கொள்ள வழிவைத்தார்கள். வாசல் எளிதாயிற்று. ஆனால் அதிகாரத்தைப் பரப்புவதற்காக எழுந்த இயக்கம் ஜனங்களை ஒரே கூரையின்கீழ் திரட்டுவதாகவும் ஆயிற்று.

உள்ளே நுழைந்தவருக்கு அடுத்த சங்கடம் நிசப்தம். பெரிய தளங்களில் நுழைந்த கணமே கம்பெனியின் யந்திரம் எதையாவது எடுத்துக் கண்முன் வைத்துவிடும். பெரும்பாலும் கோபமூட்டுவதையே வைக்கும் என்பது வேறு விஷயம். மாஸ்டடானின் முகப்பில் நீங்கள் தேடிப் பின்தொடர்பவரின் சொற்களே, எழுதிய நேர வரிசையில் வரும். கொள்கையளவில் இது நேர்மையானது. ஆனால் யாரையும் அறியாத புதியவருக்கு அது விளக்கேற்றாத வீடு. தேடும் வசதியும் நெடுநாள் மிகக் குறைவு. எழுதுவோர் சம்மதிக்கும் பதிவுகளைச் சொல் கொண்டு தேடும் வழி 2023 செப்டம்பரில்தான் வந்தது. ஒருவர் எழுதியதற்கு வேறு சர்வர்களிலிருந்து வந்த பதில்களில் சில ஒருவருக்குத் தெரியும், மற்றொருவருக்குத் தெரியாது. ஒரே சம்பாஷணையை இருவர் இரு விதமாகக் காண்கிறார்கள். இவற்றுக்கு மேலாக, பழைய குடிகள் புதியவர்களுக்கு ஓயாமல் ஆசாரம் கற்பிக்கப் புகுந்தார்கள். இதற்கு எச்சரிக்கைக் குறிப்பு வைக்கவில்லை, அதை இப்படிச் சொல்லலாகாது என்ற கண்டனங்களைக் கேட்டு முகம் சுளித்துப் போனவர் பலர்.

சிறு சபையாக இருப்பதே எங்களுக்குப் போதும், கூட்டம் வேண்டாம் என்போரும் அவர்களில் உளர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. பூந்தோட்டம் வளர்ப்போரும் நட்சத்திரம் பார்ப்போரும் தங்களுக்குள் அமைதியாகப் பேசிக்கொள்ள ஓரிடம் இருப்பது நன்றே. ஆனால் தேர்தல்களும் கலகங்களும் யுத்தங்களும் விவாதிக்கப்படும் சாவடி இதனால் யாருடைய கையிலிருந்தும் விடுபடவில்லை.

இனி, ஸ்திரத்தன்மை. மாஸ்டடான்.லால் என்ற சர்வரில் சுமார் 12,000 கணக்குகள் இருந்தன. அதனை நடத்திவந்தவர் அங்கு மூண்ட பூசலும் வசையும் பொறுக்காமல், மூன்று மாதத்தில் மூடப்போவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார். மற்றொரு சர்வர், ஆப்கானிஸ்தானத்துக்குரிய விலாசக் குறியை வைத்துக்கொண்டிருந்தது; 2024 பிப்ரவரியில் தாலிபான் சர்க்கார் அவ்விலாசத்தையே பறித்தது. பெரிய ஸ்தாபனங்களும் விதிவிலக்கல்ல. ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்பு அதிகாரி 2022 ஏப்ரலில் யூனியன் ஸ்தாபனங்களுக்கென்று ஒரு மாஸ்டடான் சர்வரைத் திறந்தார். அதனை ஏற்று நடத்த வேறெந்த ஸ்தாபனமும் முன்வராமையால் 2024 மே மாதம் அது மூடப்பட்டது. கம்பெனி தன்னைச் சுரண்டுகிறதென்று ஒருவர் அறிந்திருந்தாலும், நாளைக்கும் அது இருக்குமென்று நம்புகிறார். நன்கொடையாலும் ஒரு தொண்டரின் ஓய்வு நேரத்தாலும் நடக்கும் சர்வரில் அந்நம்பிக்கை பிறப்பது எளிதன்று.

ஜனங்கள் இடம் மாறவே மாட்டார்களா எனின், மாறுவார்கள். 2023 ஜூலையில் மெட்டா கம்பெனி 'த்ரெட்ஸ்' என்ற தளத்தைத் திறந்தபோது ஐந்தே தினங்களில் 10 கோடிப் பேர் சேர்ந்தனர். இன்ஸ்டாகிராம் கணக்கைக் கொண்டே உள்ளே போகலாம் என்பதும், அங்குள்ள சிநேகிதர்களையும் உடனழைத்துச் செல்லலாம் என்பதும் அதன் ரகசியம். பிரேஸில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி அலெக்ஸாண்டர் டி மொரேஸ் 2024 ஆகஸ்ட் 30-ந் தேதி எக்ஸ் தளத்தைத் தடைசெய்தபோது, சில தினங்களில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் 'ப்ளூஸ்கை'யில் சேர்ந்தனர். அவ்வருஷம் நவம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்குப் பின், அதன் தொகை 2 கோடியைத் தொட்டது. ப்ளூஸ்கையும் அதிகாரத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வகுக்கப்பட்டதுதான். ஆனால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் கம்பெனி நடத்தும் சர்வர்களிலேயே தங்கினர். சர்வரைப் பற்றி யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அதனாலேயே வந்தார்கள். பரவலென்னும் கொள்கை அங்கே அஸ்திவாரத்தில் இருக்கிறது. குடியிருப்போர் அதன்மேல் நடக்கிறார்களேயன்றி அதனைக் காண்பதில்லை.

சுதேசிக் கொடி ஒன்றே போதுமென்று நம் நாட்டில் நம்பினோரும் உண்டு. 'கூ' என்ற இந்தியத் தளம் 2020-ல் தோன்றியது. மந்திரிகள் சேர்ந்தார்கள், சர்க்கார் இலாகாக்கள் சேர்ந்தன. அது பரவலான அமைப்பன்று, ஒரே கம்பெனியின் தளமே. ஆயினும் கூட்டம் பற்றிய நியதி அதனையும் விடவில்லை. 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. தேசபக்தி ஒருவரை வாசல்வரை அழைத்து வரும். உள்ளே அவரோடு பேச ஆள் வேண்டும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? உபதேசத்தால் இக்காரியம் ஆகாது. சட்டத்தால் ஆகுமென்பது நமது அபிப்பிராயம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் ஒரே ஊரில் இரண்டு டெலிபோன் கம்பெனிகள் இருந்தன. ஒன்றின் சந்தாதாரர் மற்றொன்றின் சந்தாதாரரோடு பேச முடியாது. வியாபாரிகள் இரண்டு டெலிபோன்கள் வைத்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனி வளர வளரச் சிறியவை நசித்தன. கடைசியில் சர்க்காரின் நிர்ப்பந்தத்துக்கு அஞ்சி, பெரிய கம்பெனி தன் நெடுந்தூரக் கம்பிகளில் சிறு கம்பெனிகள் இணைய 1913 டிசம்பரில் இசைந்தது. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான அனுபவமுண்டு. கைபேசிக் கம்பெனியை மாற்றினால் எண்ணையும் இழக்கவேண்டியிருந்த காலத்தில், ஜனங்கள் மோசமான சேவையையும் சகித்துக்கொண்டிருந்தார்கள். 2011 ஜனவரி 20-ந் தேதி முதல் நாடு முழுவதும், எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றும் உரிமை வந்தது. அப்போது அதிகபட்சக் கட்டணம் 19 ரூபாயாக இருந்தது. கம்பெனிகள் மனமுவந்து தந்த வரமன்று அது; ட்ராய் என்னும் ஆணையம் விதித்த விதி.

சமூக வலைத்தளங்களில் அவ்வுரிமை யாருக்கும் இல்லை. பத்து வருஷம் எழுதியதையும், சேர்த்த வாசகர்களையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேற வேண்டும். மாஸ்டடானுக்குள் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் பின்தொடர்வோர் உடன் வருவர், எழுதியவை வாரா. பழைய சர்வர் உயிரோடிருந்தாலே அதுவும் ஆகும். பெரிய தளங்களோ வாசலையே அடைக்கப் பார்க்கின்றன. 2022 டிசம்பரில் ட்விட்டர் தளம் மாஸ்டடானின் கணக்கை முடக்கியது. அதன் முகவரிகளைக் குறிப்பிடுவதைத் தடுத்தது. மாஸ்டடானையும் வேறு சில தளங்களையும் சுட்டிக்காட்டுவதே குற்றமென்று 18-ந் தேதி ஒரு விதியையும் வெளியிட்டது. கண்டனம் பலத்தபடியால் அவ்விதி உடனே வாபஸாயிற்று. வெளியேறும் வழியைச் சொல்வதற்கே அஞ்சிய கம்பெனி, தன் பலம் சேவையின் சிறப்பில் இல்லை, பூட்டில் இருக்கிறது என்பதைத் தானே ஒப்புக்கொண்டதாக நாம் கொள்கிறோம்.

ஐரோப்பிய யூனியன் 2022-ல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் ஏழாம் ஷரத்து, வாட்ஸப் போன்ற பெரிய செய்தி அனுப்பும் தளங்கள், கோரும் சிறு தளங்களோடு இணைந்து இயங்கவேண்டுமென்று கட்டளையிடுகிறது. சமூக வலைத்தளங்களை அந்த ஷரத்து தொடவில்லை. நமது பார்லிமெண்டில் இதுபோன்ற மசோதா கொண்டுவர விரும்பும் அங்கத்தினர் எவரேனும் இருப்பின், அவர் இரண்டு விதிகளைக் கேட்கட்டும். ஒன்று, பெரிய தளத்தில் இருப்பவரும் சிறு தளத்தில் இருப்பவரும் ஒருவரோடொருவர் பேசத் தடையிருக்கலாகாது. மற்றொன்று, வெளியேறுபவர் தம் எழுத்தையும் தம் வாசகர் பட்டியலையும் உடன்கொண்டுபோக உரிமை பெறவேண்டும். கைபேசி எண்ணுக்கு 2011-ல் கொடுத்ததை மனிதர் எழுத்துக்கு ஏன் கொடுக்கலாகாதென்று கம்பெனிகளின் வக்கீல்கள் சபை முன்பு வந்து விளக்கட்டும்.