வரி புரியாமல் பிடித்த பாட்டு

1995இல் வெளியான ‘கோஸ்ட் இன் த ஷெல்’ அனிமே படத்தின் தொடக்கத்தில் ஒரு கோரஸ் வரும். திரையில் ஓர் இயந்திர உடல் பாகம் பாகமாக உருவாகிக்கொண்டிருக்கும். கனத்த மேளத்துக்கும் மணியோசைக்கும் மேலே பெண் குரல்கள் எழும். ஜப்பானியர்களிலேயே பெரும்பாலோருக்கு அந்த வரிகள் சட்டென்று பிடிபடாது. அது பழைய யமாட்டோ மொழியில் எழுதப்பட்ட ஒரு கல்யாணப் பாட்டு. இசையமைப்பாளர் கென்ஜி கவாயின் மனத்தில் முதலில் இருந்தது பல்கேரியப் பெண்கள் பாடும் நாட்டுப்புற இசை. அப்படிப் பாடுகிறவர்கள் ஜப்பானில் கிடைக்காததால், ஜப்பானிய நாட்டார் பாடகிகளை அழைத்துப் பல்கேரியச் சுரச் சேர்க்கையைப் பாடவைத்தார். எதிர்காலத்து இயந்திர மனுஷியின் கதைக்குப் பழங்காலத்துக் கல்யாணப் பாட்டு! அனிமே பார்க்கிறவர்கள் ‘இதைக் கேட்டுப் பார்’ என்று நண்பர்களுக்கு அனுப்பும் பாட்டுகளில் இதற்கு இன்றும் இடமுண்டு. அனுப்புகிறவருக்கும் வரி புரியாது, பெறுகிறவருக்கும் புரியாது.

இசைக்கு மொழி கிடையாது என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். மேடைப் பேச்சுக்கு அது போதும். சோதித்துப் பார்த்தவர்கள் அதில் பாதிதான் உண்மை என்கிறார்கள்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சடோரே, பிலிப் அல்பூய் ஆகியோர் அடங்கிய குழு ஒரு சோதனை செய்து, 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. பத்து வாக்கியங்கள், பத்து மெட்டுகள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒவ்வொரு மெட்டிலும் ஒரு பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடினார். மொத்தம் நூறு சின்னப் பாட்டுகள். பிறகு அந்த ஒலிப்பதிவுகளை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். முதல் விதத்தில் ஒலி நொடிக்கு நொடி மாறும் வேகத்தை மழுங்கடித்தார்கள். இரண்டாவதில் சுருதியின் நுட்பத்தை மழுங்கடித்தார்கள். வேகத்தைக் கெடுத்தபோது கேட்டவர்களுக்கு வார்த்தை விளங்கவில்லை, மெட்டு அப்படியே நின்றது. சுருதியைக் கெடுத்தபோது மெட்டு போயிற்று, வார்த்தை நின்றது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், வார்த்தைகளைப் பிரித்தறியும் வேலை இடப்பக்கக் கேள்விப் புறணியிலும், மெட்டைப் பிரித்தறியும் வேலை வலப்பக்கத்திலும் மேலோங்கி நடந்தது தெரிந்தது.

காரணம் ஒலியிலேயே இருக்கிறது. ‘பல்’லையும் ‘கல்’லையும் பிரிப்பது உதடும் நாக்கும் விலகும் நேரத்தில் நிகழும் சில மில்லிவினாடி மாற்றம். அதைப் பிடிக்க மூளை ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பார்க்க வேண்டும். சுரத்தின் உயரத்தைத் துல்லியமாக அறியவோ, அலையைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைத்துக் கேட்க வேண்டும். நேரத்தில் துல்லியம் கூடினால் சுருதியில் துல்லியம் குறையும். இரண்டையும் ஒரே கணக்கில் முழுதாகப் பெற முடியாது என்பது இயற்பியல். அதனால் மூளை வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டது. தெரியாத மொழிப் பாட்டு வரும்போது ஒரு பக்கத்துக்குப் பொருள் ஒன்றும் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

இது நம் சினிமாக்காரர்களுக்குப் புதிதல்ல. இசையமைப்பாளர் முதலில் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். கவிஞர் பிறகுதான் வருவார். ஜப்பானில் யூகி கஜியுரா அந்தக் கவிஞருக்காகக் காத்திருக்கவே இல்லை. ‘மடோகா மாகிகா’ (2011) போன்ற தொடர்களுக்கு அவர் அமைத்த கோரஸ்கள் பலவும் எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் ஆனவை. இரசிகர்கள் அதற்குக் ‘கஜியுரா மொழி’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். லத்தீன் மாதிரியும் இத்தாலியன் மாதிரியும் காதில் விழும், அகராதியில் இருக்காது. ‘கௌபாய் பீபாப்’ புகழ் யோகோ கன்னோ இன்னொரு விளையாட்டு ஆடினார். கேப்ரியேலா ராபின் என்ற பெயரில் ஒருவர் கன்னோவின் பாட்டுகளுக்காக, புரியாத மொழியில் எழுதியும் பாடியும் வந்தார். அது கன்னோவேதான் என்பது 2009இல்தான் வெளிப்பட்டது. பொருள் வேண்டாம், உயிரெழுத்துகளின் நிறமும் மெய்யெழுத்துகளின் உரசலும் போதும் என்று இவர்கள் எடுத்த முடிவு, ஆய்வகத்தில் வார்த்தையை மழுங்கடித்த வேலைக்கு நேர் உறவு.

சரி, வார்த்தை இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? ஹார்வர்டில் சாமுவேல் மெர் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் உலகெங்கும் 86 சிறு சமூகங்களின் 118 பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 14 வினாடியை மட்டும் வெட்டி, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்கு இணையம் வழியாகப் போட்டுக்காட்டினார்கள். இது எதற்கான பாட்டு என்பது கேள்வி. ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நோய் தீர்க்கப் பாடுவதை ஓரளவுக்குக் கண்டுகொண்டார்கள். காதல் பாட்டு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு 2023இல் 28 மொழிகளைப் பேசும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் காதல் பாட்டு தோற்றுத்தான் போயிற்று. பாட்டின் மொழி நம் மொழிக்கு நெருங்கியது என்பதாலும் பெரிய அனுகூலம் ஒன்றும் கிடைக்கவில்லை.

காதல் தோற்றதில் வியப்பில்லை. காதல் பாட்டு துள்ளும், கெஞ்சும், அழும், ஏசும். அதற்கென்று ஒரே வேகமோ ஒரே குரலோ கிடையாது. தாலாட்டுக்கு உண்டு. உணர்ச்சியிலும் இதே கதைதான். ஜப்பானியரிடம் இந்துஸ்தானி இராகங்களைப் போட்டுக்காட்டிய 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் சரியாக இனங்கண்டார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது இராக இலக்கணத்தை அல்ல. வேகம், உரப்பு, மெட்டின் சிக்கல் ஆகியவைதான் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தன.

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் மூன்று வாரம் நின்றது கியூ சகமோட்டோ பாடிய ஜப்பானியப் பாட்டு ஒன்று. அங்கே அதற்கு வைத்த பெயர் ‘சுகியாகி’. அது ஒரு மாட்டிறைச்சிக் குழம்பின் பெயர். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாட்டை எழுதிய ரோகுசுகே எய், அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் நடந்த போராட்டம் தோற்றுப்போன ஏமாற்றத்தில் அதை எழுதினார். பாட்டில் வரும் சீழ்க்கை ஒலியிலிருந்த ஏக்கம் கடல் கடந்து போனது. எதற்காக ஏங்கினார் என்பது ஜப்பானிலேயே தங்கிவிட்டது. அந்தப் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாட்டை எதிர்த்த போராட்டம் அது!

1940களில் தமிழிசை இயக்கத்தார் எழுப்பிய கேள்வியும் இதுதான்: தெலுங்கு தெரியாத சபை தெலுங்குக் கீர்த்தனைக்குத் தலையாட்டுவதில் எவ்வளவு போய்ச் சேருகிறது? மேலே சொன்ன ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. தலையாட்டினவர்கள் பாசாங்கு செய்யவில்லை என்பது மறுபாதி.

கவாயின் கோரஸுக்குத் திரும்புவோம். அது முதுகுத்தண்டைச் சிலிர்க்க வைப்பதில் பல்கேரியச் சுரச் சேர்க்கைக்குப் பெரிய பங்கு. அடுத்தடுத்த இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் பாடினால் அலைகள் மோதிக்கொள்ளும். 440 ஹெர்ட்ஸும் 466 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் ஒலி வினாடிக்கு 26 தடவை ஏறி இறங்கும். காது அதைக் கரகரப்பாக உணரும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863லேயே இதை விளக்கி, இசைவின்மைக்குக் காரணம் இந்த அதிர்வுதான் என்றார். மேற்கத்தியக் காதுக்கு அது உறுத்தல். பல்கேரிய மலைக் கிராமத்துப் பெண்களுக்கு அது அழகு. ஒருத்தி நிலையாக ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, மற்றவள் வேண்டுமென்றே பக்கத்துச் சுரத்தில் போய் நின்று அந்தக் கரகரப்பை உண்டாக்குவாள்.

இதில் எது இயற்கை, எது பழக்கம்? பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஜோஷ் மெக்டெர்மாட் குழு சோதித்து, 2016இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது: மேற்கத்தியர் இனிமை என்கிற சுரச் சேர்க்கையையும் உறுத்தல் என்கிற சேர்க்கையையும் சிமானே மக்கள் ஒரே அளவுக்கு இரசித்தார்கள். ‘கேட்கவே நாராசம்’ என்று பிறர் அனுப்பிய பாட்டை ஒதுக்கும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து ‘அகிரா’. கட்சுஹிரோ ஓட்டோமோவின் 1988ஆம் ஆண்டுப் படம். அதன் பின்னணி இசைதான் இந்த வரிசையில் விஞ்ஞானத்துக்கு மிக நெருங்கியது. இசைத்தவர்கள் கெய்னோ யமஷிரோகுமி என்ற குழுவினர். டாக்டர்கள், பொறியாளர்கள், பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள் என்று வேறு வேலை உள்ளவர்கள்தான் அதில் நிறைய. அவர்களுடைய 1986ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஓட்டோமோ அவர்களைத் தேடிப் போனார். பாலித் தீவின் ராட்சத மூங்கில் வாத்தியங்கள், புத்த மத ஓதுகை, நோ நாடகக் குரல் எல்லாம் படத்தில் புகுந்தன. பாலியின் கேமலான் வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். ஜோடியில் ஒன்றுக்குச் சுருதி ஒரு மயிரிழை கூடுதல். சேர்ந்து அடிக்கும்போது ஒலி அலையலையாக நடுங்கும். பல்கேரியப் பெண்கள் தொண்டையில் செய்வதை இவர்கள் உலோகத்திலும் மூங்கிலிலும் செய்கிறார்கள். அனிமேயின் மிகப் பெயர்பெற்ற இரண்டு பின்னணி இசைகளும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் குறையென்று கண்ட இடத்திலிருந்தே உயிர் பெற்றிருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

குழுவின் தலைவர் ஷோஜி யமஷிரோ. அது மேடைப் பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் சுடோமு ஓஹாஷி, வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். சிடியும் அதற்கு மேல் அநேகமாக ஒன்றும் தராது. கேமலானின் ஒலியோ அதைத் தாண்டி வெகுதூரம் போகிறது. கேட்காத அந்த ஒலிக்கு ஏதாவது வேலை உண்டா என்று ஓஹாஷி ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டில் வந்த அவரது கட்டுரையின் முடிவு இது: கேட்கும் ஒலியோடு கேட்காத ஒலியும் சேர்ந்து வந்தபோது மூளையின் ஆல்பா அலைகள் வலுத்தன, மூளைத்தண்டிலும் தலாமஸிலும் இரத்த ஓட்டம் கூடியது. கேட்காத ஒலியை மட்டும் தனியாகத் தந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் அவரே செய்த ஆய்வில், அந்த ஒலி காது வழியாக அல்லாமல் உடம்பின் வழியாக ஏறுவதாகச் சொன்னார்.

இதைப் பலர் ஏற்கவில்லை. மற்ற ஆய்வகங்களில் அதே விளைவு ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. என் சந்தேகமும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் தன் கோட்பாட்டைத் தன் இசையிலேயே பரீட்சித்தவர் அவர். 2009இல் வந்த ‘அகிரா’ ப்ளூ-ரேயில் 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் ஒலித்தடத்தைச் சேர்த்தார்கள். சாதாரண ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களுக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. அந்த உயர் அலைகள் அங்கே வந்து சேருவதே இல்லை.

பொருள் கிடைக்காத மூளை சும்மாவும் இருப்பதில்லை. தனக்குத் தெரிந்த மொழியைக் கேட்ட ஒலிக்குள் திணிக்கும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1992 முதல் இதற்கென்றே ஒரு பகுதி நடந்தது. வெளிநாட்டுப் பாட்டில் ஜப்பானிய வாக்கியம் மாதிரிக் காதில் விழும் இடங்களை நேயர்கள் அனுப்புவார்கள். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ (2000) படத்தின் ‘கல்லூரி வானில்’ பாட்டுக்கு 2007இல் ஓர் அமெரிக்கர் தன் காதில் விழுந்த ஆங்கிலத்தை அடிவரியாகப் போட்டு யூடியூபில் ஏற்ற, பிரபுதேவா உலகெங்கும் ‘பென்னி லாவா’ ஆனார். அடிவரியைப் படித்தபடி கேட்டால் தமிழர் காதுக்கே ஆங்கிலம் கேட்கத் தொடங்கும். எழுத்து முன்கூட்டியே சொல்லிவிட்டால் செவி கீழ்ப்படிகிறது.

புரியாத பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு மேத்யூ சல்கானிக்கும் டங்கன் வாட்ஸும் நடத்திய சோதனை 2006இல் வெளிவந்தது. மற்றவர்கள் எத்தனை பேர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று சிலருக்குக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. காட்டிய குழுக்களில் ஜெயித்த பாட்டுகள் குழுவுக்குக் குழு மாறின. மிக மோசமானது மேலே வந்தது அரிது, மிக நல்லது அடியில் போனதும் அரிது. நடுவில் உள்ளவற்றின் தலையெழுத்தைக் கூட்டம் நிர்ணயித்தது.

இன்னொன்று, ராபர்ட் சயான்ஸ் 1968இல் செய்தது. துருக்கிச் சொல் போலிருக்கும் பொருளற்ற சொற்களிலும், சீன எழுத்து போன்ற குறிகளிலும் சிலவற்றைக் குறைந்த தடவையும் சிலவற்றை நிறையத் தடவையும் காட்டி, ‘இதன் பொருள் நல்லதாக இருக்குமா, கெட்டதாக இருக்குமா?’ என்று கேட்டார். அதிகம் கண்டவற்றுக்கு நல்ல பொருள் இருக்கும் என்றார்கள். புரியாதது புரியாமலே பிடித்துப்போயிற்று, பழகியதால்.

அதனால் அனிமே இசையைக் கேட்டே இராதவருக்கு நான் ‘அகிரா’வை முதலில் தர மாட்டேன். ஜோ ஹிசாய்ஷியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) பியானோவில் தொடங்கலாம். அதில் வார்த்தைத் தொல்லையே இல்லை. பிறகு கஜியுரா, அங்கே தேடினாலும் பொருள் கிடைக்காது. கவாயின் கோரஸை மூன்றாவதாக, நல்ல ஹெட்போனில். மூன்று தடவையாவது கேட்ட பிறகுதான் வரிகளின் மொழிபெயர்ப்பை அனுப்புவேன். ‘அகிரா’வைக் கடைசியில், படத்தோடு சேர்த்தே. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். எந்த இசையிலும் இன்பம் காணாத காதுகள் உண்டு என்று 2014இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் செவியில் பழுதில்லை, பணம் கிடைத்தால் மகிழ்ச்சி வருகிறது, பாட்டில் மட்டும் வருவதில்லை.