இரண்டாவது நாற்காலி

ரயில்வேயில் வளைவுகளை அளந்தே காலம் தள்ளியவன் நான். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் 478 கி.மீ. தூரம் வளைவே இல்லாத ரயில் பாதை உண்டு. உலகிலேயே நீளமான நேர்பாதை அதுதான். 2019-ல் அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சமவெளியைப் பார்க்கும் ஆசையில், படுக்கையும் அடுப்பும் உள்ள வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாகக் கிளம்பினேன். மனைவி காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது.

முதல் இரவு முகாமில் கதவைச் சாத்திக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'என்ன மனிதர்கள்!' என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் வேறொரு முகாம். காஸ் அடுப்பு பற்றவில்லை. பக்கத்துக் காரவனில் எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர். தனியாகத்தான் பயணம். ஆனால் வாசலில் இரண்டு நாற்காலிகள்.

"இன்னொன்று யாருக்கு?" என்றேன்.

"இன்றைக்கு உங்களுக்கு" என்றார்.

சிலிண்டர் வால்வை நான் திறக்கவே இல்லையாம்! இன்ஜினீயரின் லட்சணத்தைக் கண்டு இருவரும் சிரித்தோம்.

ஓய்வு பெற்றபின் இப்படி மாதக்கணக்கில் சுற்றுபவர்களை அங்கே 'கிரே நோமட்ஸ்', அதாவது நரைத்த நாடோடிகள், என்பார்கள். கதவு சாத்தியிருந்தால் தொந்தரவு செய்யமாட்டார்கள். வெளியே நாற்காலி போட்டால் பேச வருவார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நம் ரயில் சிநேகம் மாதிரியேதான்!

ஊர் திரும்பியதும் என் ஃப்ளாட் வாசலில் இரண்டு நாற்காலிகள் போட்டேன். பல வருடங்களாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரர், மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார்.