ஆசிரியர்களுக்கு ஒரு நாள் சென்னை

பயிற்சிக்கோ கருத்தரங்குக்கோ சென்னைக்கு வரும் அறிவியல் ஆசிரியர்களை அழைத்துப் போக வழக்கமான இடங்கள் சில உண்டு. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், எழும்பூரில் அருங்காட்சியகம், கிண்டியில் பாம்புப் பண்ணை, நேரம் மிஞ்சினால் மெரினா. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கப் பலகை இருக்கும். யோசிக்க வேண்டியதை யாரோ முன்பே யோசித்து எழுதிவைத்திருப்பார்கள். பலகை சொல்லாத அறிவியல் இந்த ஊரில் வெயிலில் கிடக்கிறது. அதைத் தேடிப் போக ஒரு நாள் போதும். தொடங்க வேண்டிய இடம் பரங்கிமலை.

வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுவது நல்லது. 300 அடி உயரம்தான், படிகளும் உண்டு. உச்சியில் பழைய தேவாலயம், கீழே விமான நிலையத்தின் ஓடுபாதை. அங்கேயே நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. அந்தச் சிலைக்கு முன்னால் அரை மணி நேரமாவது நிற்கலாம்.

1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் இந்த வட்டாரத்தில் நிலத்தை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரே நேர்க்கோடு. அளக்க அவரிடம் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய 400 முறை நீட்டி, மடக்கி, நீட்டி அந்தத் தொலைவைக் கடந்தார்கள். சங்கிலியை வெறும் தரையில் போடவில்லை. முக்காலிகளின் மேல் மரத் தொட்டிகளை மட்டமாக வைத்து, அவற்றுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மேலே கூடாரமும் போட்டார்கள். தொட்டிகளில் வெப்பமானிகளும் வைத்தார்கள்.

வெப்பமானி எதற்கு? இந்தக் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது. வெப்பத்தால் உலோகம் நீளும் என்பதற்கு நம் வகுப்பறைகளில் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம் தண்டவாள இடைவெளி. இன்றைக்குப் பெரும்பாலான தண்டவாளங்களை இடைவெளியில்லாமல் பற்றவைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. லாம்டனின் சங்கிலி அதைவிட நல்ல உதாரணம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் எஃகு தன் நீளத்தில் லட்சத்தில் 1.2 பங்கு நீள்கிறது. 100 அடிச் சங்கிலிக்கு அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதை 400 முறை போட்டால் பிழை 14 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். காலைக்கும் நண்பகலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர்! மே மாதத்துக் கத்திரி வெயிலிலும் நடந்த வேலை இது. வெப்பமானியைப் பார்க்காமல் அளந்திருந்தால், இந்தக் கோட்டை நம்பி வடக்கே போட்ட ஒவ்வொரு முக்கோணமும் அளவில் பிசகியிருக்கும்.

ஏனென்றால் தொடக்கத்தில் சங்கிலியால் அளந்தது இந்த ஒரு கோட்டை மட்டும்தான். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று தொடுத்துக்கொண்டே போனார்கள். ஆங்காங்கே புதிதாக ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கு சரிதானா என்று பார்த்துக்கொண்டார்கள். லாம்டன் 1823-இல் இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் இறந்தார். அளவை நிற்கவில்லை, இமயம் வரை போயிற்று. எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் உலகத்துக்கு அறிவித்தது இந்த அளவைதான். சைன் விதியை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதில் ஏது?

ஆசிரியர்கள் கையோடு ஒரு 30 மீட்டர் அளவு நாடாவையும் ஒரு வெப்பமானியையும் கொண்டுவருவது நல்லது. மலையடிவாரத்தில் சமதளமான ஓர் இடத்தைப் பிடித்து, 100 மீட்டரை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கட்டும். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். ஒருவர் நாடாவை இறுக்கிப் பிடித்திருப்பார், இன்னொருவர் தொய்யவிட்டிருப்பார். அளவீட்டுப் பிழை என்ற சொல் அன்றைக்குக் கையில் பிடிபடும்.

இறங்கும்போது பாறையைக் குனிந்து பார்க்காமல் போகக்கூடாது. ஊரார் கருங்கல் என்று சொல்லும் இந்தப் பாறைக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். புதிதாக உடைந்த முகத்தில் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். வெயிலும் மழையும் தின்ற முகம் பழுப்பேறியிருக்கும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், நீர்ச்சத்து குறைந்த கடும் வெப்பத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரிகிறது.

பெயர் வந்த கதை கல்லறையிலிருந்து தொடங்குகிறது. கல்கத்தாவில் குடியேற்றத்தை நிறுவிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். அங்குள்ள புனித ஜான் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்துக் கல். இருநூறு ஆண்டுக்குப் பின், 1893-இல், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதே கல்லைப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளில் அடையாளம் கண்டு, சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். உலகத்தில் எந்த நாட்டில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு இதே பெயர்தான். இங்கே சுத்தியலால் தட்டுவது கூடாது, இது பாதுகாக்கப்பட்ட பாறை. கைலென்ஸ் போதும்.

மலையிலிருந்து நுங்கம்பாக்கம். மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் போக முடியும். 1792-இல் இங்கே எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் மிச்சமாக ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 15 அடி உயரம், 10 டன் எடை. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவி அதன் மேல்தான் இருந்தது. கருவி துளி அசைந்தாலும் நேரம் பிசகும். அதற்காகத்தான் இத்தனை கனம்.

இந்த இடத்தின் தீர்க்கரேகையை வைத்துத்தான் மதராஸ் நேரம் ஓடியது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை ரயில்வேக்கும் அதுவே கடிகாரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 9 நிமிடம். பொது நேரத்துக்கான 82.5 டிகிரியிலிருந்து சென்னையின் 80.25 டிகிரியைக் கழித்து, டிகிரிக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் விடை வந்துவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஊரில் இருப்பவர்கள், பகல் 12:07 வாக்கில் தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பார்க்கலாம். நிழல் அடியிலேயே மறைந்திருக்கும்.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்த இடமும் இதுதான். சின்ன வயதிலேயே இங்கே உதவியாளராகச் சேர்ந்தவர், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று பொதுமக்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகளில் எழுதினார். வகுப்பறையில் அறிவியலாளர் படங்களை மாட்டும்போது இவருக்கும் ஓர் ஆணி வேண்டும்.

மாலையில் பள்ளிக்கரணை. லாம்டன் கோடு போட்ட அதே தென்சென்னைத் தாழ்நிலம். ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு, சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் தின்றது போக எஞ்சியிருக்கிறது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேர்கிறது. தங்க இடம் குறைந்தால் அந்த நீர் தெருவுக்குத்தான் வரும்.

இங்கே உயிரியல் ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நடந்து போகும், இலை அமிழாது. விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை அகலப் பரவுவதால் அழுத்தம் குறைகிறது. இந்த இனத்தில் முட்டைகளை அடைகாப்பது ஆண். குளிர்காலத்தில் வந்தால் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம். பத்து நிமிடம் இருவர் தனித்தனியே எண்ணட்டும். காலையில் நாடா பிடித்தபோது வந்த அதே தகராறு மறுபடியும் வரும்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் முதலில் பிள்ளைகள் இல்லாமல் பார்ப்பதுதான் முறை. நாற்பது பிள்ளைகளோடு வரும் ஆசிரியர் தலைகளை எண்ணுவார், தண்ணீர் பாட்டிலைத் தேடுவார், பேருந்தைப் பார்ப்பார். கல்லைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. ஒருமுறை தனியாக வந்து குனிந்து பார்த்தவருக்கு, அடுத்த முறை எந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்த வேண்டும் என்று தெரியும். பயணப்படியும் விடுப்பும் கொடுத்து அனுப்பப் பள்ளிகள் தயங்கக் கூடாது.

பிப்ரவரி, மார்ச்சில் வருகிறவர்கள் இரவையும் ஒதுக்கிக்கொள்ளலாம். பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் காலம் அது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதி. காலையில் மலைக்குக் கொண்டுபோன வெப்பமானியைப் பையிலேயே வைத்திருந்தால் இங்கேயும் உதவும்.