பீப்பாயிலிருந்து பால்மரத்துக்கு

மலேசியாவில் உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டால், ‘பால்மரம் வெட்டினோம்’ என்பார்கள். சிலர் ‘மரம் சீவினோம்’ என்பார்கள். தோட்ட ஆபீஸ் கணக்கில் அந்த வேலைக்குப் பெயர் ‘டேப்பிங்’.

ஆங்கிலத்தில் ‘டேப்’ என்ற வினைச்சொல் இரண்டு உண்டு. ஒலி ஒன்று, வேர் வேறு. தோளைத் தட்டுவதும் கைப்பேசித் திரையைத் தட்டுவதும் பழைய பிரெஞ்சு வழி வந்தது. மரத்தில் பால் எடுப்பதைக் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் கட்டைக்கு அன்று ‘டேப்பா’ என்று பெயர். அதைத் திறந்து மதுவை வடிப்பதே ‘டேப்’. வீட்டுக் குழாய்க்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. பிறகு, எந்த வளத்தையும் எடுத்துப் பயன்படுத்துவதற்கு அந்தச் சொல் ஆகிவந்தது. 1869-இல் தந்திக் கம்பியில் ஓடும் செய்தியைக் களவாகக் கேட்பதற்கும் அதையே சொன்னார்கள். இன்றைய தொலைபேசி ஒட்டுக்கேட்பு அதன் தொடர்ச்சி.

ஆனால் ரப்பர் மரத்தில் திறந்துவிட ஓர் அடைப்பு கிடையாது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசில் காடுகளில் இந்த மரத்தின் பட்டையைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணானது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார்: ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவி, அதையே திரும்பத் திரும்பத் திறப்பது.

சீவுகிறவருக்கு வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். விடிகாலையில் மரத்தினுள் அழுத்தம் கூடுதல், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறையும். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பால் வடியும் கிண்ணமான ‘மங்கு’வைத் துடைத்து வைக்க வேண்டும். பிறகு கத்தி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் சரிவாக இறங்கும். பட்டைக்குள் பால் குழல்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தச் சரிவில்தான் அதிகக் குழல்கள் அறுபடும். சீவலின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் போதும். வெட்டின் ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கூடிவிட்டால் பட்டையை வளர்க்கும் உட்படலம் காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு பிசகாமல் கை ஓட வேண்டும். இதைத் திறமை இல்லாத கூலி வேலை என்று எழுதியவர்கள் கத்தியைப் பிடித்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

அந்தக் கைக்குப் பொருத்தமான சொல் ‘சீவு’தான். கள்ளுக்குப் பாளை சீவுவதும் இதே போல நாள்தோறும் நுனியை மெல்லிசாக இழைக்கிற வேலை. அதையும் ஆங்கிலம் ‘டேப்’ என்றே சொல்கிறது. ஆங்கிலச் சொல் வடிகிறதைப் பார்க்கிறது, தமிழ்ச் சொல் கத்தியைப் பார்க்கிறது.

1917-இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பின்னாளில் சிலாங்கூரில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. செம்பனையில் தண்டிலிருந்து எதையும் வடிப்பதில்லை. குலையை வெட்டித் தள்ளுகிறார்கள். ‘வெட்டு’ அங்கேயும் போய்ச் சேர்ந்தது. ‘சீவு’ பால்மரத்தோடு நின்றுவிட்டது.